தீப்பெட்டி ஆபீஸ்

1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு மறு ஆண்டு ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்தார்கள். ஆனால் இயந்திரத்தைவிடக் கைவேலைதான் கட்டுபடியாகும் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. மழை பொய்த்தால் பிழைக்க வழியில்லாத கரிசல்காட்டுக் குடும்பங்கள் சுற்றிலும் இருந்தன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரமெங்கும் தீப்பெட்டி ஆபீஸ்கள் முளைத்தன.

குச்சி அடுக்குவதுதான் அங்கே பெரிய வேலை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் ஒரு கைப்பிடிக் குச்சியைப் பரப்பி, லேசாக உலுக்கி, பள்ளத்துக்கு ஒன்றாக விழச் செய்து, மிச்சத்தை வழித்துவிட்டு, அதன்மேல் அடுத்த சட்டத்தை வைக்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்த பெண்கள் நாள் முழுக்க இதையே செய்தார்கள். இப்படிச் சட்டங்கள் அடுக்கி நிறைந்த ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு குச்சி முனைகளை மெழுகில் நனைத்து மருந்தில் முக்குவார்கள். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே போனது.

எதிரே நின்றது சாதாரணப் போட்டியாளர் அல்ல. ஸ்வீடன் முதலாளிகளின் விம்கோ, 1923 முதல் இந்தியாவில் பெரிய இயந்திரங்களை வைத்துத் தீப்பெட்டி செய்தது. அதைக் கைத்தொழில் தாக்குப்பிடித்ததற்கு உழைப்பு மலிவாகக் கிடைத்தது மட்டும் காரணமல்ல. சுதந்திரத்துக்குப் பின் கையால் செய்த பெட்டிக்குக் கலால் வரி குறைவு. அந்தச் சலுகை இல்லையென்றால் இத்தனை சிறு ஆபீஸ்கள் நின்றிருக்காது.

மலிவான அந்த உழைப்பில் குழந்தைகளின் உழைப்பும் இருந்தது. விடியுமுன் கிராமத்துக்கு வந்த பஸ் அவர்களை ஏற்றிச் சென்றது. குச்சியை வேகமாக அடுக்கச் சின்ன விரல்களே தோது என்ற பேச்சு வெட்கங்கெட்ட சாக்கு. சின்னக் கைக்குக் கூலி குறைவு என்பதே உண்மை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

ஜிஎஸ்டி வந்த 2017இல் கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 என்று வரி இருந்தது. 2020இல் இரண்டுக்கும் 12 ஆனது. கைவேலைக்கு இருந்த சலுகை போயிற்று; குச்சி அடுக்கும் வேலையையும் இயந்திரங்கள் மெல்ல எடுத்துக்கொண்டன.

பெட்டியின் விலை மட்டும் அசைய மறுத்தது. 2007இல் ஒரு ரூபாயானது, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. இடைப்பட்ட 14 ஆண்டில் மெழுகுக்கும் அட்டைக்கும் கந்தகத்துக்கும் சந்தை கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. பேரம் பேச மிஞ்சியது கட்டைக் கூலி ஒன்றுதான்.