ஒரு ரூபா டிக்கெட்டும் நடுராத்திரி போனும்

இங்கே கோந்த்வாவில் நம்மாளுங்க நாலு பேர் கூடினா, பேச்சு கடைசியில் ஊருக்குப் போற ஃப்ளைட் டிக்கெட் விலையில்தான் வந்து நிற்கும். அந்த விலைக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்குங்க.

1953-ல் அரசாங்கம் தனியார் விமானக் கம்பெனிகளை எடுத்துக்கிச்சு. அந்தச் சட்டம் 1994-ல்தான் ரத்தாச்சு. அதுக்கப்புறமும் விமானம் பெரிய மனுஷங்களுக்கு, ரயில் நமக்குன்னுதான் இருந்தது.

2003-ல் வந்தார் கேப்டன் கோபிநாத். கர்நாடகா கோரூர்க்காரர், முன்னாள் ராணுவ அதிகாரி, விவசாயி. 'சூரரைப் போற்று' (2020) இவர் வாழ்க்கையைத் தழுவின படம்தான். இவரோட ஏர் டெக்கானில் ஒரே வகுப்பு, சாப்பாடு காசுக்கு, ஏர்பஸ் ஏ320-ல் நெருக்கி 180 சீட்டு. ஒரு ரூபா டிக்கெட்கூட வித்தாங்க, வரி தனி! அந்தக் கம்பெனி கிங்ஃபிஷர் கைக்குப் போச்சு. 2012-ல் அதுவும் நின்னு போச்சு. முறை மட்டும் நிலைச்சிடுச்சு.

அந்த முறையோட சூட்சுமம்: முந்தி வாங்கினா மலிவு, கடைசியில் வாங்கினா யானை விலை. பொங்கலுக்கு மூணு மாசம் முன்னாடியே டிக்கெட் போட்டுடலாம். "அப்பாவுக்கு முடியலை, உடனே கிளம்பி வா"ங்கிற போன் தேதி சொல்லிட்டா வருது? புனேயிலிருந்து சென்னைக்கு ரயில்னா சுமார் 20 மணி நேரம். விமானம்னா ரெண்டு மணிக்குள்ள. அந்த ராத்திரி யார் விலை பார்ப்பாங்க?

அதனால ஒரு டிக்கெட்டுக்கான காசை, கடைசி நேர விலைக்கே கணக்குப் போட்டு, தொடாம தனியா வெச்சிருக்கேன். நீங்க எப்படி?