உஷாஹிடி: ஒரு நாட்டின் சாட்சியம்



கிழக்காபிரிக்க மக்கள் பலர் பேசும் சுவாஹிலி மொழியிலே ‘உஷாஹிடி’ என்றொரு சொல் உண்டு. சாட்சியம் என்பது அதன் பொருள். அரபு வணிகரோடு கடல் கடந்து அக்கரையை அடைந்த சொல் அது. அதே வேரிலிருந்து பிறந்த ‘ஷஹாதா’ என்னும் சொல்லை நம் நாட்டு முஸ்லிம் அன்பர்கள் நன்கு அறிவர். 2008 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கென்யா நாடு கலவரத் தீயில் வெந்துகொண்டிருந்த வேளையில், ஒருசிலர் கூடி அமைத்த இணையத்தளத்துக்கு இச்சொல்லையே பெயராக இட்டார்கள். அத்தளம் எழுந்த வரலாற்றை இன்று சொல்ல விழைகிறேன்.

ஊராருக்கெல்லாம் செய்தி சொல்வது ஒரு காலத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்க்கும் ஒலிபரப்பு நிலையம் நடத்தியவர்க்குமே இயன்ற காரியமாக இருந்தது. 1999 இல் இலவச வலைப்பதிவுச் சேவைகள் தோன்றின. அதன்பின் எழுதத் தெரிந்த எவரும் தம் வீட்டு மேசையிலிருந்தே உலகுக்கு எழுதலாம் என்ற நிலை வந்தது. சிறிது காலத்தில் அவ்வாற்றல் கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்தது. இதனால் விளைந்தது நன்மையா தீமையா என்று நம்மவர் இன்றும் பட்டிமன்றம் நடத்துகின்றனர். கென்யாவிலோ, ஒரே மாதத்தில், ஒரே மக்களின் கையில், ஒரே கருவி இரண்டையும் செய்தது. அம்மாதத்தை ஊன்றி நோக்குவோர்க்குப் பட்டிமன்றம் வேண்டியதில்லை.

கென்யா 1963 டிசெம்பர் 12 ஆம் நாள் பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுதலை பெற்ற நாடு. நாற்பதுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் அங்கே வாழ்கின்றன. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மேட்டுநிலத்தின் வளமான காணிகளை வெள்ளைக்காரர் தமதாக்கிக் கொண்டனர். விடுதலைக்குப் பின் அக்காணிகள் கைமாறியபோது, கிக்கூயு இனத்தவர் பலர் ரிஃப்ட் பள்ளத்தாக்கு மாகாணத்திலே குடியேறினர். அங்கு முன்னரே கால்நடை மேய்த்து வாழ்ந்த கலெஞ்சின் மக்களின் மனத்தில் அது ஆறாப் புண்ணாயிற்று. காணிப் பிணக்கு எவ்வளவு காலம் உறங்கும், எவ்வளவு விரைவில் விழிக்கும் என்பதை இலங்கையர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2007 டிசெம்பர் 27 ஆம் நாள் அந்நாட்டிலே ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. பதவியிலிருந்த முவாய் கிபாக்கியும், எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவும் போட்டியிட்டனர். முதலில் வந்த எண்ணிக்கைகளில் ஒடிங்கா முன்னணியில் நின்றார். 30 ஆம் நாள் மாலையிலே கிபாக்கி வென்றார் என அறிவிக்கப்பட்டது. சற்று நேரத்துள், பொழுது சாயும் வேளையிலேயே, அவர் பதவிப் பிரமாணமும் செய்துகொண்டார். அன்றிரவே நாட்டின் பல பாகங்களிலும் கலவரம் மூண்டது. கிசுமு நகரிலும், நைரோபியின் கிபேரா சேரிகளிலும், எல்டொரெட் நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மனிதர் மனிதரை வேட்டையாடினர். 2008 ஜனவரி முதலாம் நாள் எல்டொரெட்டுக்கு அருகே கியம்பா என்னும் ஊரில், மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த தேவாலயம் தீயிடப்பட்டது. இறந்தவருள் பெண்களும் குழந்தைகளும் பலர். நீதியரசர் வாக்கி தலைமையில் பின்னர் அமைந்த விசாரணைக்குழு, இக்கலவரத்தில் உயிரிழந்தோர் தொகையை 1,133 எனக் கணக்கிட்டது. வீடிழந்து அகதிகளானோரோ பல இலட்சம்.

தேர்தல் முடிவு வெளியான அன்றே அரசாங்கம் ஒரு கட்டளை பிறப்பித்தது. வானொலியும் தொலைக்காட்சியும் எதனையும் நேரடியாக ஒலிபரப்பலாகாது என்பதே அக்கட்டளை. தீயை மேலும் மூட்டாதிருக்கவே இவ்வேற்பாடு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால், அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய முடியாத மக்கள் சும்மா இருப்பதில்லை. அறியாததைக் கற்பனை செய்துகொள்வார்கள். மெய்ச்செய்தி அடைபட்ட அவ்வேளையில் வதந்தி தடையின்றி உலாவிற்று. கைத்தொலைபேசிகளிலே குறுஞ்செய்திகள் பறந்தன. இன்ன இனத்தார் உன்னைக் கொல்ல வருகின்றனர், நீ முந்திக்கொள் என்பதே அவற்றுட் பலவற்றின் சாரம். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, அப்பத்துப் பேரும் நூறு பேருக்கு அனுப்பினர். அவர்களுள் எவரும் தம்மை ஆசிரியராகக் கருதவில்லை. வந்ததைத் தள்ளிவிட்டேன், அவ்வளவே என்று ஒவ்வொருவரும் எண்ணினர்.

வானொலி நேயர்களாகிய உங்களிடம் ஒன்றை மறைக்கலாகாது. இப்பழியில் வானொலிக்கும் பங்குண்டு. கென்யாவிலே 2000 ஆம் ஆண்டளவிலிருந்து அந்தந்த இனத்தவரின் தாய்மொழியில் ஒலிபரப்பும் தனியார் நிலையங்கள் பல தோன்றின. தாய்மொழியில் பேச்சைக் கேட்பது மக்களுக்குப் பெருமகிழ்வைத் தந்தது. ஆனால், தொலைபேசியில் அழைக்கும் நேயர்கள் எண்ணியதையெல்லாம் பேச, அறிவிப்பாளர் அதனைத் தடுக்கத் தெரியாதவராயோ தடுக்க விரும்பாதவராயோ இருந்துவிட்ட நிகழ்ச்சிகளும் இருந்தன. ‘பாலுக்குரிய மக்கள் புல் வெட்ட வேண்டும்’ என்பதுபோன்ற தொடர்கள் அங்கே ஒலித்தனவென்று அக்காலத்து அவதானிகள் எழுதினர். மேய்ச்சல் நில மக்களின் நாவில் இது வெறும் உழவுப் பேச்சன்று. புல் எது என்பது கேட்டவர்க்குத் தெரியும். மொழி கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதனை எண்ணி நான் வருந்துவதுண்டு. உவமையும் பழமொழியும் ஒரு மொழியின் அணிகலன்கள் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவை கத்தியை மூடும் உறையாகவும் பயன்படும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வானொலி அறிவிப்பாளர் ஒருவர்மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2016 ஏப்ரல் 5 ஆம் நாள், குற்றவாளி என்றோ அல்லர் என்றோ தீர்ப்பின்றி அவ்வழக்கு முடிவுறுத்தப்பட்டது. ஆதலால் அவரைக் குற்றஞ்சாட்டுதல் நமக்குத் தகாது. ஆயினும் கென்யாவுக்கு அணித்தேயுள்ள ருவாண்டாவில் 1994 இல் வானொலி செய்த கொடுமையும், அவ்வானொலியை நிறுவியவருள் இருவர் 2003 டிசெம்பரில் தண்டிக்கப்பட்டமையும், ஒலிபரப்புத் துறையினர் எவரும் மறக்கத்தக்கனவல்ல.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம்.

ஓரி ஒகொல்லோ என்னும் கென்ய நாட்டுப் பெண்மணி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். 2006 இல், தம் நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையிலே என்ன செய்கிறார்கள் என்பதை மக்கள் அறியும்படி ‘எம்சலெண்டோ’ என்னும் இணையத்தளத்தை நண்பர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கினார். தேசபக்தன் என்பது அச்சொல்லின் பொருள். இதைத் தவிரத் தம் சொந்த வலைப்பதிவொன்றையும் அவர் நடத்தினார். அதன் பெயர் ‘கென்யன் பண்டிட்’. நம் நாட்டுப் பண்டிதர் என்னும் சொல்லே ஆங்கிலத்துக்குள் புகுந்து, அரசியல் கருத்துரைப்போர் என்னும் பொருளைப் பெற்று, ஆபிரிக்கப் பெண்மணியொருவரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொற்களின் பயணம் விசித்திரமானது!

தேர்தலுக்காகத் தாய்நாடு வந்திருந்த ஒகொல்லோ, நேரடி ஒலிபரப்புத் தடைப்பட்டதும், தாம் கண்டதையும் கேட்டதையும் வலைப்பதிவில் எழுதலானார். வாசகர்களையும் தத்தம் ஊர்ச் செய்திகளை எழுதி அனுப்பும்படி வேண்டினார். ஒருவர் கையாளமுடியாத அளவுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஜனவரி 3 ஆம் நாளளவில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். எங்கே என்ன கொடுமை நிகழ்ந்தது என்பதைத் தேசப்படத்தின்மீது குறித்துக் காட்டும் தளமொன்றை யாரேனும் அமைத்துத் தரமுடியுமா என்பதே அது. ஒரு காலத்தில் உண்மையும் இணக்கமும் வேண்டுமாயின், நடந்தது நடந்த இடத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அமெரிக்காவில் வாழ்ந்த கென்யர் டேவிட் கோபியா, சூடானிலும் கென்யாவிலும் வளர்ந்த எரிக் ஹேர்ஸ்மன், ஜூலியானா ரொடிச் முதலியோர் முன்வந்தனர். ஏறத்தாழ ஒரு வாரத்துள் தளம் எழுந்தது. பணமும் இல்லை, அலுவலகமும் இல்லை.

செய்தி அனுப்புவோர் இணையத்தின் வழியாகவோ, குறுஞ்செய்தியாகவோ அனுப்பலாம். வந்தது உடனே உண்மையாகிவிடாது. தன்னார்வத் தொண்டர்கள் அதனை வேறு செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவ்வூரில் உள்ளவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்கள். அங்கே பணிபுரியும் தொண்டு நிறுவனங்களிடம் விசாரிப்பார்கள். உறுதிசெய்ய முடியாததை ‘இன்னும் உறுதிசெய்யப்படவில்லை’ என்ற குறிப்போடு வைப்பார்கள். உஷாஹிடியின் பெருமையாகப் பலர் அதன் தொழில்நுட்பத்தைப் பேசுகின்றனர். எனக்கோ அந்தச் சிறு குறிப்பே அதன் பெருமையாகத் தோன்றுகிறது. கையிலே ஒரு செய்தி இருக்கிறது, அது பரபரப்பானது, அனுப்பியவர் நம்மவர். அவ்வேளையிலும் இதனை நான் இன்னும் அறியேன் என்று எழுதுவதற்கு ஒருவகை மனவுறுதி வேண்டும்.

அம்மனவுறுதியை வேறிடங்களிலும் காண்கிறோம். டேவிட் கோபியா, கென்யர்கள் கூடி உரையாடும் ‘மஷாடா’ என்னும் இணைய அரங்கொன்றை நெடுநாளாக நடத்தி வந்தவர். கலவரம் மூண்டதும் அவ்வரங்கு வசைமொழியாலும் இனப்பகையாலும் நிறைந்தது. அவர் அதனை மூடினார். தாம் பல்லாண்டு பாடுபட்டு வளர்த்ததைத் தாமே மூடுவது எளிதன்று. அதனோடு அமையாது, ‘எனக்கு இனம் இல்லை’ என்னும் பொருளுடைய பெயரில் வேறொரு தளத்தையும் திறந்தார். நைரோபியின் பெரும் பத்திரிகைகள், தமக்குள் இருந்த போட்டியை மறந்து, நம் அருமை நாட்டைக் காப்பாற்றுங்கள் என்று ஜனவரி 3 ஆம் நாள் ஒரே தலைப்பில் வெளிவந்தன. குறுஞ்செய்திச் சேவையையே நிறுத்திவிட அரசாங்கம் எண்ணியபோது, சஃபாரிகொம் தொலைபேசி நிறுவனத்தின் தலைவர் மைக்கல் ஜோசப், அவ்வாறு செய்வதிலும் அமைதி வேண்டும் செய்திகளை அதே வழியிலே அனுப்புவது நன்று என எடுத்துரைத்தார். அவ்வாறே சுமார் 90 இலட்சம் வாடிக்கையாளர்க்கு அச்செய்திகள் சென்றன.

இவற்றால் கலவரம் அடங்கிற்று என்று சொல்வேனாயின் அது மிகையாகும். கலவரத்தை அடக்கியது கொபி அனானின் முயற்சியால் 2008 பெப்ரவரி 28 இல் கைச்சாத்தான உடன்படிக்கையே. இணையம் அன்று பெரும்பாலும் நகரத்தாரிடமும் கடல் கடந்து வாழ்ந்தோரிடமுமே இருந்தது. கிராமத்து ஏழைக்கு அத்தேசப்படம் இருப்பதே தெரியாது. எனினும் அன்று எழுதப்பட்ட முறை அழியவில்லை. 2010 ஜனவரி 12 இல் ஹெயிட்டியை நிலநடுக்கம் சிதைத்தபோது, பொஸ்டன் நகருக்கு அருகேயிருந்த பல்கலைக்கழக மாணவர் உஷாஹிடியைப் பயன்படுத்தி உதவிக் குரல்களைத் தேசப்படத்தில் குறித்தனர். 4636 என்னும் இலக்கத்துக்கு வந்த கிரியோல் மொழிக் குறுஞ்செய்திகளை, வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெயிட்டி மக்கள் மொழிபெயர்த்து உதவினர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி முளைத்ததுண்டு. 2004 டிசெம்பர் 26 இல் கடல்கோள் நேர்ந்தபின், இலங்கையின் கரையோரத்திலே சுற்றிய இளைஞர் ஒருவர் தாம் கண்டவற்றைக் குறுஞ்செய்திகளாக இந்தியாவிலிருந்த நண்பர்களுக்கு அனுப்ப, அவர்கள் அவற்றை வலைப்பதிவிலே இட்டு உலகறியச் செய்தனர். கென்யாவுக்கு மூன்று ஆண்டு முந்தியது அது.

ஆனால் 2018 பெப்ரவரி 26 ஆம் நாள் இரவு அம்பாறையில் நிகழ்ந்தது வேறு. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், கறியில் இருந்த கட்டியொன்றைக் காட்டி, இது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரையா என்று சிங்களத்திலே அதட்டிக் கேட்டனர். கேட்கப்பட்டவர் தமிழ் பேசுபவர். சிங்களம் அதிகம் அறியாதவர். சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி, கேள்வி விளங்காமல், ஆம் என்பதுபோல் ஏதோ சொன்னார். அக்காட்சி ஒளிப்பதிவாகி முகநூலிலே பரவிற்று. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தப்பவில்லை. அத்தகைய மாத்திரை உலகில் இல்லையென்று மருத்துவர்கள் சொன்னார்கள். அது வெறும் மாக்கட்டி என அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் தெரிவித்தது. அதற்குள் கலவரம் கண்டி மாவட்டத்தின் திகணையில் மூண்டுவிட்டது. மார்ச் 7 ஆம் நாள் அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வாரமளவுக்குத் தடைசெய்தது. கென்ய அரசு ஒலிபரப்பை அடைத்ததுபோல, இத்தடையும் பொய்யோடு மெய்யையும் சேர்த்தே அடைத்தது. வதந்தியை மறுக்க விரும்பியவரின் வாயும் அவ்வாரம் மூடியே இருந்தது.

உணவகத்துக் காட்சியைப் பகிர்ந்த பல்லாயிரவருள் ஒருவராவது அம்பாறைக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே நின்றவர் எவரையேனும் கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையின் பொருளைத் தமிழும் சிங்களமும் அறிந்த எவரிடமேனும் விசாரித்திருக்கலாம். அதற்கு வேண்டிய பொழுது ஐந்து நிமிடம். சிங்களத்தில் வெளியான பகைப் பதிவுகளைக் கண்டறிய, அம்மொழி தெரிந்தவர்கள் முகநூல் நிறுவனத்திடம் போதிய அளவில் இருக்கவில்லை. அந்நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில். திகணை எரிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்.