உரைத்துப் பாராத பொன்னும் வினவிப் பாராத சாட்சியும்



தங்கம் விளைந்த மண்ணில் வாழ்பவர் நாம். நம் பாட்டனாரும் தந்தையரும் பாதாளத்தில் இறங்கி வெட்டியெடுத்த பாறை, ஆலையில் இடிபட்டு, மாவாக அரைபட்டு, சயனைடு நீரில் கரைந்து, உலையில் உருகிய பின்னரே பொன் எனப் பெயர் பெற்றது. மின்னுவதைக் கண்ட மாத்திரத்தில் அதனைப் பொன் என்று எவரும் எடை போட்டதில்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் மட்டும் சான்றாக நிற்கின்றன. எனினும் அச்சுரங்கம் கற்பித்த பாடம் மூடப்படவில்லை. மனிதர் சொல்லும் பொன்னைப் போன்றதே. உரைத்துப் பார்த்தே ஏற்கவேண்டும். நீதிமன்றத்தில் அவ்வுரைகல்லாக விளங்குவது சாட்சியை வினவும் கலை. அதன் வரலாற்றை நாம் அறிந்த அளவில் இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் தமிழிலக்கியம் கண்ட மிகப் பெரிய வழக்கு, வினவாமல் தீர்த்த வழக்கேயாகும். மதுரை நகரில் சிலம்பு விற்கச் சென்ற கோவலனைக் கள்வன் என்று அரசனிடம் சொன்னவன் ஒரே ஒரு சாட்சி. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே அச்சாட்சி! பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். ஆயினும் அன்று அவன் பொற்கொல்லனை நோக்கி, “நீ இதனை எவ்வாறு அறிந்தாய்? அரசியின் சிலம்பு கடைசியாக யார் கையில் இருந்தது?” என்று கேட்டானில்லை. கோவலனையும் அழைத்து ஒரு சொல் கேட்டானில்லை. சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா என்பது, கோவலன் உயிர் போன பிறகு, கண்ணகி அவைக்கு வந்து நின்ற போதுதான் ஆராயப்பட்டது. முன்னரே எழவேண்டிய அவ்வினா பின்னர் எழுந்தமையால் மன்னனும் மாண்டான், மதுரையும் எரிந்தது.

கிறித்தவ அன்பர்கள் இதற்கு மாறான கதை ஒன்றை அறிவர். கத்தோலிக்க விவிலியத்தின் தானியேல் நூலில், சூசன்னா என்னும் கற்புடைய பெண் மீது முதியவர் இருவர் பழி சுமத்துகின்றனர். இளைஞரான தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே பிரித்து, “எந்த மரத்தின் கீழ் கண்டீர்?” என்று ஒரே கேள்வியைக் கேட்கின்றார். இருவரும் இருவேறு மரங்களைச் சொல்ல, பழி பொய்யென விளங்கி, அப்பெண் உயிர் பிழைக்கின்றாள். ஒரு சாட்சி கூண்டில் பேசும்போது அடுத்த சாட்சியை வெளியே நிறுத்தி வைக்கும் இன்றைய வழக்கத்தின் கருத்தும் இதுவே.

இந்நாட்டில் இக்கலைக்குத் திட்டமான விதிகளை வகுத்தது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதனை உருவாக்கியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கில அறிஞர். சாட்சியை அழைத்தவர் கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பார் கேட்பது குறுக்கு விசாரணை. ஐயம் தெளிவிக்க அழைத்தவரே மீண்டும் கேட்பது மறு விசாரணை. விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், முதல் விசாரணையில் பொதுவாகக் கேட்கலாகாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். சாட்சியை இழிவுபடுத்துவதற்கென்றே கேட்கும் கேள்வியைத் தடுக்கும் கடமை நீதிபதிக்கு உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. எனினும் இவ்விதிகளின் சாரம் மாறவில்லை.

இவ்விதிகளின் வலிமையை நாடறியச் செய்த வழக்கு அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. 1908-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் கல்கத்தாவில் அரவிந்தரும், அவருடைய தம்பி பரீந்திரரும், மற்றும் பல இளைஞரும் கைதாயினர். அரசாங்கத் தரப்பில் வாதாட வந்தவர் ஏர்ட்லி நார்ட்டன். இவர் சென்னைக்குப் புதியவர் அல்லர். 1879 முதல் சென்னையில் தொழில் நடத்திக் குறுக்கு விசாரணையில் சிங்கம் எனப் புகழ் பெற்றவர். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் ஊக்கத்துடன் கலந்துகொண்டவர். அத்தகையவரே பின்னாளில் தேசபக்தர்களுக்கு எதிராக நின்றார். காலத்தின் கோலம் என்பதன்றி வேறென் சொல்வது!

நார்ட்டன் பெரிதும் நம்பியிருந்த சாட்சி நரேன் கோஸ்வாமி என்பவர். குற்றவாளிகளுள் ஒருவராயிருந்து அப்ரூவராக மாறியவர். அவர் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நீண்ட வாக்குமூலம் கொடுத்தார். எதிர்த்தரப்பு அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அப்பொழுது அளிக்கப்படவில்லை. பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்டது. அந்தப் ‘பின்னர்’ வரவேயில்லை. 1908 ஆகஸ்டு 31-ஆம் நாள் கனாயிலால் தத்தரும் சத்தியேந்திரநாத் போஸும் நரேனைச் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றனர். அக்கொலையின் நியாய அநியாயத்தை ஈண்டு ஆராய்ந்தோமில்லை. சட்டத்தின் கண்ணில் நிகழ்ந்ததையே குறிக்கின்றோம். எதிர்த்தரப்பு வினவ வாய்ப்புப் பெறாத சாட்சியின் சொல்லைச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஏற்க இயலாது போயிற்று. இந்தியாவின் தலைசிறந்த வினவுநர் ஒருவரின் வழக்கு, வினவப்படாத சாட்சியினாலேயே வலுவிழந்தது!

எஞ்சியவற்றுள் ஒரு கடிதம் முக்கியமானது. ‘இந்தியா எங்கும் இனிப்புகள் ஆயத்தமாக இருக்கவேண்டும்’ என்னும் பொருள்பட, தம்பி பரீந்திரர் அண்ணன் அரவிந்தருக்கு எழுதியதாகக் காட்டப்பட்டது அது. இனிப்பு என்றால் வெடிகுண்டு என்றது அரசுத் தரப்பு. எதிர்த்து வாதாடிய சித்தரஞ்சன தாஸ் கடிதத்தை வீட்டுக் கண் கொண்டு பார்த்தார். உடன்பிறந்த தம்பி அண்ணனுக்கு எழுதும் கடிதத்தில் குடும்பப் பெயர் வரை சேர்த்துக் கையொப்பமிடுவானா என்று கேட்டார். நம் வீடுகளிலும் தம்பியானவன், “அன்புள்ள அண்ணா” என்று தொடங்கி, முடிவில் முழுப் பெயரும் முதலெழுத்தும் போட்டு முடிப்பதுண்டா? எளிய கேள்விதான்; ஆனால் அதன் முன் அக்கடிதம் நிற்கவில்லை. நீதிபதி பீச்கிராஃப்ட் அதனை ஐயத்துக்கு உரியதாகக் கருதினார். 206 சாட்சிகளைக் கண்ட அவ்வழக்கில் 1909 மே 6-ஆம் நாள் அரவிந்தர் விடுதலை பெற்றார். மறு ஆண்டே தமிழ் வழங்கும் புதுவைக்கு வந்து சேர்ந்தார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பேசிப் பேசி ஆறாத வழக்கு ஒன்றும் உண்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்துண்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். ஜூரிகள் அரசுத் தரப்புச் சாட்சிகளை நம்பினர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்திற்கே திரும்பியது. அங்கே வி. எல். எத்திராஜ் வாதாடினார். அதே சாட்சிகள், அதே சொற்கள். உரைத்துப் பார்த்த கை மட்டும் வேறு. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். ஆயின் சிறையில் கழிந்த இரண்டாண்டுக்கும் மேலான காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. பாகவதரின் பழைய திரைப் புகழ் மீளவேயில்லை.

இவற்றையெல்லாம் ஏட்டில் படித்த நாமும் ஒருமுறை கூண்டில் ஏற நேர்ந்தது. ரயிலில் வந்த ஒரு பார்சல் கட்டு பற்றிய வழக்கு அது. “மாலை ஆறு மணிக்கு இன்னாரிடம் கட்டை ஒப்படைத்தோம்” என்று உறுதியாகச் சொன்னோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, அந்த மனிதரின் முகம் நினைவிருக்கிறதா, பேரேட்டில் உள்ள பெயர் நினைவிருக்கிறதா?” என்றார். நாம் திகைத்தோம். பின்னர், “பேரேடுதான்” என்றோம். “அமருங்கள், நன்றி” என்று முடித்துவிட்டார். ஏட்டில் கண்டதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லியிருந்தோம். பொய் சொல்லும் எண்ணம் நமக்குச் சிறிதும் இல்லை. ஆயினும் சொன்னது மெய்யன்று. அன்று நாணினோம். ஆனால் நம் சொல்லால் பிறனொருவன் அநியாயமாகத் தோற்காதபடி அவ்வழக்கறிஞர் நம்மைக் காத்தார் என்பதை வீடு திரும்பும் வழியில் உணர்ந்தோம்.

காலனி மக்கள் கோர்ட்டு என்றால் அஞ்சுகின்றனர். குறுக்கு விசாரணை என்பது ஏழையை அவமதிக்கும் வித்தை என்று எண்ணிக் கண்டதையும் சொல்லாமல் ஒதுங்குவோர் பலர். அஞ்சவேண்டா. கண்டதைக் கண்டேன் என்க; கேட்டதைக் கேட்டேன் என்க; தெரியாததைத் தெரியாது என்க. கேள்வி விளங்கவில்லையெனில் மீண்டும் கேட்கச் சொல்க. கன்னட நாட்டில் தமிழ் பேசி வாழும் நமக்கு இன்னொன்றும் இன்றியமையாதது. குற்ற வழக்கில் நாம் சொன்னதை வேறு மொழியில் எழுதிக்கொண்டால், அதனை நமக்குப் புரியும் மொழியில் சொல்லக் கேட்டுத் திருத்தம் கூறச் சட்டம் இடம் தருகின்றது. அதனைக் கேளாமல் கையொப்பமிடற்க.

வீட்டிலும் அவ்வாறே. அண்டை வீட்டார் சொல் கேட்டுப் பிள்ளையை அடிக்கும் முன், பிள்ளையையும் ஒரு சொல் கேட்போமாக. ஒரு சொல் கேட்டிருப்பின் மதுரை எரிந்திராது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!