திருமலையின் துழாய்த் தோட்டமும் மண் சுமந்த கூடையும்

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் மூன்றும் நெருங்கும் எல்லைப்பகுதியில் உள்ளது சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லி. முற்றத்துத் துளசி நிற்கும் மேடையைத் தமிழர் மாடம் என்பர். தெலுங்கர் கோட்ட என்பர். கன்னடர் கட்டெ என்பர். வீட்டு வழிபாட்டிற்கு அந்த ஒரு செடி போதும். நாள்தோறும் மாலை சாத்தும் கோயிலுக்குத் தோட்டமே வேண்டும். பழைய சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியான திருமலையில் அத்தகைய தோட்டம் எழுந்த கதையை வைணவக் குருபரம்பரை பேணிவந்துள்ளது.

தாவரவியலார் புதினாவின் குடும்பத்தில் வைக்கும் இச்செடியைப் பதிற்றுப்பத்தும் பரிபாடலும் துழாய் என்று அறியும். திருமாலின் அடையாளம் அது. மலர் அருகும் பருவத்திலும் துழாயின் இலை மணக்கும். கதிர் விட்ட நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பெருகும். ஆகவே நந்தவனத்தில் இந்த இலை பூவோடு சமமாக எண்ணப்பட்டது. வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் அரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் இப்பணி செய்தவர்களே.

திருமலையில் இதனை ஏற்றவர் இராமாநுசரின் மாணாக்கரான அநந்தாழ்வான். குளிரும் காடும் நிறைந்த மலையில் தங்கிப் பூப்பணி செய்வார் யார் என ஆசிரியர் வினவ, இவர் ஒருவரே முன்வந்தார். 'ஆண்பிள்ளை' எனப் பாராட்டும் பெற்றார். பாத்தி கட்டுமுன் நீர் வேண்டும், ஏரி தோண்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தார். அவருக்கு உதவ வந்த சிறுவனை விரட்டி அநந்தாழ்வான் எறிந்த கடப்பாரை பெருமாளின் மோவாயைத் தாக்கியதாம். அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவதற்கு மரபு கூறும் காரணம் இதுவே. கடப்பாரை இன்றும் கோயில் பெருவாயிலில் தொங்குகிறது.

அற்புதத்தை ஒதுக்கிவிட்டாலும் இக்கதையின் சான்றுமதிப்பு குறையாது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் அமைந்தவை. 1931 முதல் தொகுதிகளாக வெளியாயின. நிவந்தம் அளித்தவர் பெயர், நிலம், பொன் ஆகியவற்றை அவை நுணுக்கமாகப் பதிகின்றன. நீர் இறைத்தவரையும் கூடை தூக்கிய பெண்ணையும் பற்றிக் கல் பேசுவது அரிது. உழைப்பின் நினைவைக் காத்தது அடியார் வரலாறே. அதிலும் அந்தப் பெண் பெயரின்றியே பெரிதும் நினைக்கப்படுகிறார் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் பெருமாள் இத்தோட்டத்திற்கு எழுந்தருளும் விழாவின் பெயர் பாக் சவாரி. தமிழ் நந்தவனத்தின் விழாவுக்குப் பாரசீகச் சொற்களால் பெயர்! துழாய்ப் பாத்தியில் கண்டெடுக்கப்பட்ட ஆண்டாளின் ஆடிப்பூரத்திலும் மலையப்பர் அங்கு வருகிறார். அநந்தாழ்வான் அடங்கிய இடத்தில் நிற்கும் மகிழ மரத்திற்கு அன்று சடாரி சாத்தப்படுகிறது.