நிலம் நடுங்கிய நாளும் நெல்லையில் ஒலித்த சொல்லும்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பின்னும் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை இருகரையும் புரண்டு திருக்கோவிலூர் வட்டாரத்து வயல்களை மூழ்கடித்தது. எங்கள் சங்கராபுரம் பகுதியிலும் கல்வராயன் மலைநீர் இறங்கி ஏரிகளும் ஓடைகளும் நிரம்பி வழிந்தன.

அந்த வாரத்தில் சமயச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்க நேர்ந்தது. பேசியவரின் பெயரும் அவர் சார்ந்த சமயமும் இங்கு வேண்டா. அறம் குன்றியதற்கு ஆண்டவன் அளித்த தண்டனையே இவ்வெள்ளம் என்றார் அவர். அவையோர் தலையசைத்தனர். எவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. ஆயின் வீடு திரும்பும் வழியெல்லாம், இதே சொல் 90 ஆண்டுகளுக்கு முன் இதே தமிழ் நிலத்தில், நாம் அனைவரும் தலைவணங்கும் ஒரு பெரியாரின் வாயிலிருந்து பிறந்த நிகழ்ச்சி என் நினைவில் நின்றது. நம் இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

1934 சனவரி 15 பிற்பகல் 2 மணிக்குச் சற்றுப் பின்னர், நேபாளத்திலும் வடபீகாரிலும் நிலம் நடுங்கியது. 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முங்கேர் நகரம் செங்கற் குவியலாயிற்று. காத்மாண்டுவில் தரகரா கோபுரம் இடிந்து வீழ்ந்தது. வயல்கள் பிளந்து மணலும் நீரும் பீறிட்டெழ, விளைநிலங்கள் மணலால் மூடப்பட்டன, கிணறுகள் தூர்ந்தன. பெரும் அழிவைக் கண்ட மாவட்டங்களுள் முசாபர்பூரும் ஒன்று. வர்த்தமான மகாவீரரின் பிறப்போடு தொடர்புடைய வைசாலி அந்நாளில் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. நம் சமயத்தின் தொட்டில் ஆடிய நாள் அது என்றால் மிகையன்று.

அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் பயணம் செய்துகொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய அப்பயணம் கேரளத்தைக் கடந்து தமிழகத்தை எய்தியிருந்தது. 1934 சனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் அவர் பீகார் நடுக்கத்தைப் பற்றிப் பேசினார். தீண்டத்தகாதார் என்று நாம் ஒதுக்கி வைத்தவர்களுக்கு இழைத்த, இன்னும் இழைத்துவருகின்ற பெரும்பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனையே இந்நடுக்கம் என்றார். இதனை மூடநம்பிக்கை என்று பிறர் கூறினும் கூறுக, அம்மூடநம்பிக்கையில் என்னோடு நீங்களும் பங்குகொள்ள வேண்டும் என்ற கருத்துப்படவே பேசினார். தாமிரபரணிக் கரையில் சாதி எத்துணைக் கொடிதாய் வேரூன்றியிருந்தது என்பதை அறிந்தவர், அவர் ஏன் அவ்விடத்தில் அவ்வாறு பேசினார் என்பதை உணர்வர். கேட்டோர் நெஞ்சைத் தைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

செய்தித்தாளில் இதைக் கண்ட இரவீந்திரநாத தாகூர் வருந்தினார். இவ்விருவரும் ஒருவர்மேல் ஒருவர் கொண்டிருந்த அன்பு நாடறிந்தது; 1932இல் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பை முடித்தபோது தாகூர் உடனிருந்தார். தீண்டாமையை வெறுப்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. எனினும் தாகூர் ஒரு மறுப்பு எழுதி அவருக்கே அனுப்பி, உண்மையிலேயே அவ்வாறு கூறியிருந்தால் இதனை வெளியிடுக என்று கேட்டார். இயற்கையின் நிகழ்ச்சிகளுக்குக் காரணம் இயற்கையின் பொருள்களிலேயே உள்ளது. நம் குற்றங்கள் எத்துணைப் பெரியவாயினும் படைப்பின் கட்டுமானத்தைச் சரிக்கும் வலிமை அவற்றிற்கு இல்லை என்பது அவர் வாதம். அதனினும் கூரிய ஒன்றையும் அவர் சேர்த்தார். இதே வாதத்தை எதிரணியினரும் எடுத்துக்கொள்வர். நடுக்கத்திற்குக் காரணம் காந்தியும் அவர் தொண்டர்களுமே என்று அவர்கள் பழி சுமத்தலாம் என்றார். அவ்வாறே நடந்தது. சேரிமக்களைக் கோயிலுக்குள் விடத் துணிந்தமையால்தான் தெய்வம் சினந்தது என்று சனாதனிகள் கூறினர்.

காந்தியடிகள் தாகூரின் மறுப்பையும் தம் விடையையும் 1934 பிப்ரவரி 16 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டார். தம் கருத்தை மெய்ப்பிக்க இயலாது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் பஞ்சமும் வெள்ளமும் நடுக்கமும் மாந்தரின் ஒழுக்கத்தோடு தொடர்புடையவை என்று தம் உள்ளம் நம்புவதாக எழுதினார். தம் நம்பிக்கை தவறாகவே இருப்பினும், அது தம்மையும் தம்மைப் போல் நம்புவோரையும் தூய்மைக்கு ஊக்கும் என்றார். நேருவோ பின்னர்த் தம் தன்வரலாற்றில் அக்கூற்றுத் தம்மைத் திகைக்க வைத்தது என்று எழுதி, தாகூரின் பக்கமே நின்றார்.

இவ்விடத்தில் என் எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. காந்தியடிகளின் நோக்கம் தூயது, வாதம் பிழையுடையது. தீண்டாமை நெல்லையிலும் இருந்தது. நிலமோ நெல்லையில் ஆடவில்லை. முங்கேரில் இடிபாடுகளுக்குள் மடிந்தோருள் ஒடுக்கப்பட்டோரும் இருந்திருப்பர்; யார் செய்த பாவத்திற்கு யாருக்குத் தண்டனை? நடுக்கத்தின் காரணம் இமயத்தின் அடியில் உள்ளது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சில செ.மீ. அளவில் வடக்கே நகர்ந்து ஆசிய நிலத்தட்டின்கீழ் நுழைகின்றது; நூற்றாண்டுகளாய்ச் சேர்ந்த இறுக்கம் ஒரு நொடியில் தளர்கின்றது. வடபீகாரின் நீரூறிய வண்டல்மண் அதிர்ச்சியில் குழம்பாகி, மேலிருந்த கட்டடங்களைத் தாங்க மாட்டாது போயிற்று.

தண்டனை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், குற்றவாளி யார் என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை கூறுபவர் கையில் வாள் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் சிலப்பதிகாரமே காட்டுகின்றது. அதன் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்தபின் அந்நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் வெப்புநோயும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினியின் சினம் தணிய, பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி செய்தான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாது தீர்ப்பளித்தவன் அரசன். தலை கொடுத்தவர்களோ அவ்வழக்கில் எத்தொடர்பும் இல்லாத ஆயிரவர். அதன்பின் மழை பெய்தது என்று அக்கட்டுரை கூறுகின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நூலை வகுப்பில் நடத்தியவன் நான். அவ்வரியைப் படிக்கும்போதெல்லாம் குரல் சற்றுத் தாழும். (1755இல் லிசுபன் நகரம் நடுக்கத்தால் அழிந்தபோதும், நகரத்தாரின் பாவமே காரணம் என்று மலாக்ரிடா என்ற பாதிரியார் நூல் எழுதினார். மக்கள் இடிபாடுகளை அகற்றுவதை விட்டுவிட்டு அஞ்சி ஒடுங்குவர் என்று அமைச்சர் பொம்பால் சினந்தார். பாதிரியாரின் முடிவு கொடிது. அது வேறு கதை.)

காந்தியடிகளின் வாழ்வில் நம் சமயத்தாருக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய அவர் பம்பாயில் சந்தித்த ராய்சந்த்பாய் ஒரு சமணர். முத்து வணிகம் செய்துகொண்டே ஆன்ம நெறியில் தோய்ந்தவர். 1894இல் தென்னாப்பிரிக்காவில் சமயக் குழப்பத்திற்கு ஆளான காந்தியடிகள் அவருக்கு 27 கேள்விகள் எழுதியனுப்பினார். கடவுள் உலகைப் படைத்தவரா என்பதும் அவற்றுள் ஒன்று. அல்லர் என்பதே ராய்சந்த்பாயின் விடை. உயிரும் பிற பொருள்களும் தொடக்கமற்றவை. அவற்றைப் படைத்தவர் எவரும் இலர் என்று விளக்கினார். 1896இல் நடியாதில் அவர் இயற்றிய ஆத்மசித்தியில் வினைப்பயனை ஊட்டுபவர் யார் என்னும் ஐயத்தைத் தீர்க்கின்றார். நஞ்சும் அமுதமும் தாம் இன்னவை என்று அறியா. உண்டவனுக்கு அவற்றின் பயன் தானே விளைகின்றது. வினையும் அத்தகையது, இடையில் ஒரு நீதிபதி வேண்டா என்கிறார். ஆசானாக மதித்தவரின் இந்த விடையைக் காந்தியடிகள் தம் நம்பிக்கையாக ஏற்கவில்லை என்பதை நெல்லைப் பேச்சு காட்டுகின்றது.

நம் மரபிலும் பேரிடர் உண்டு. பன்னீராண்டுப் பஞ்சம் வரும் என நிமித்த நூலால் உணர்ந்த பத்திரபாகு முனிவர் சங்கத்தாரைத் தெற்கே அனுப்பிய செய்தியைச் சிரவணபெளகொளாவின் பழைய கல்வெட்டே கூறுகின்றது. விசாகாசாரியார் வழியாக அறம் சோழ பாண்டிய நாடுகளை எய்தியது என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வரலாற்றில் எந்த மக்களுக்கும் தண்டனை இல்லை. பஞ்சம் வருகின்றது, ஆகவே நடக்க வேண்டும் என்பதே உண்டு.

இத்துடன் நிறுத்தினால் நம்மை நாமே மெச்சிக்கொண்டதாக முடியும். தண்டிக்கும் கடவுள் நமக்கு இல்லை. ஆனால் அவர் இருந்த இருக்கையில் வினையை அமர்த்தி அதே சொல்லை நாமும் சொல்வதுண்டு. நானே சொல்லியிருக்கிறேன்.

2005 சனவரி. ஆழிப்பேரலை வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. என் வகுப்பில் கடலூர்க் கடற்கரையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் விடுதியில் தங்கிப் படித்துவந்தான். சிலம்பின் ஊழ்வினைக் கோட்பாட்டை நடத்திய நான், எடுத்துக்காட்டாக அப்பேரலையைச் சுட்டி, மாண்டோர் ஒவ்வொருவரின் முன்வினையும் அந்நாளில் ஒருங்கே பயன் தந்தது என்றேன். அவன் எழுந்தான். "ஐயா, என் தங்கச்சிக்கு ஆறு வயசு. அவ என்ன செஞ்சா?" என்றான். நான் "முற்பிறப்பில்…" என்று தொடங்கினேன். முடிக்கும் முன்பே அவன் அமர்ந்துவிட்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

சித்தாந்தப்படி நான் கூறியது பிழையன்று என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னர் உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்து ஆறாம் அதிகாரத்தைப் படிக்கையில் திடுக்கிட்டேன். துன்பம் நுகர்விக்கும் அசாதா வேதனீய வினை எவ்வாறு ஈட்டப்படுகின்றது? தன்னிடத்தோ பிறரிடத்தோ துன்பத்தையும் சோகத்தையும் புலம்பலையும் விளைவிப்பதால். அன்று அவ்வகுப்பறையில் அவ்வினையை ஈட்டியவன் யார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இறந்தவளின் வினைக்கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேவலஞானம் வேண்டும். எதிரில் நின்ற சிறுவனின் முகமோ எனக்குத் தெரிந்தே இருந்தது. அதே அதிகாரம் அடுத்த சூத்திரத்தில் உயிர்களிடத்து இரக்கத்தையும் தானத்தையும் நன்னுகர்வுக்குக் காரணமாக வைக்கின்றது.

ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்த வாரத்தில் நம் இளைஞர் சிலர் அரிசியும் போர்வையும் கொண்டு பெண்ணைக் கரை ஊர்களுக்குச் சென்றனர். முழங்கால் வலியோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஒரு வீட்டில் நனைந்த பாடநூல்களைத் திண்ணையில் பரப்பிக் காயவைத்திருந்தனர். பத்தாம் வகுப்புத் தமிழ்நூலின் தாள்கள் சேற்றில் ஒட்டிப் பிரிக்க வாராமல் இருந்தன. வேறு பிரதி வாங்கி மறுவாரம் அச்சிறுமிக்கு அனுப்பிவைத்தேன்.