தேர் வீதியின் குடிகள்: ஹம்பியில் சுற்றுலாவும் மரபுக் காப்பும்

மரபுச் சின்னங்களுக்குச் சுற்றுலாவே பகை என்று தொல்லியலார் பலர் கருதுகின்றனர். சுற்றுலா வருவாய் இல்லையேல் காப்பே இல்லை என்கின்றனர் அத்தொழில் சார்ந்தோர். கர்நாடகத்தில், விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியின் அண்மைக் கால வரலாற்றைப் பார்த்தால் இந்த வழக்கில் இருதரப்பும் மறந்த ஒரு தரப்பு தெரியவருகிறது: அவ்வூரில் குடியிருப்போர். அவர்களை மரபின் உறுப்பாகக் கொள்ளாத காப்புத் திட்டம் அடிப்படையிலேயே பிழையானது என்பது என் வாதம்.

யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஹம்பி 1986இல் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 4,187 ஹெக்டேர். கோயில்கள், அரண்மனைப் பகுதி, கடைவீதிகள், வயல்கள், சிற்றூர்கள் எல்லாம் அதில் அடக்கம். விஜயநகரக் காலக் கால்வாய்களில் சில இன்றும் வயலுக்கு நீர் தருகின்றன. விரூபாட்சர் கோயிலில் பூசை நடக்கிறது, அதன் முன்னுள்ள வீதியில் தேர் ஓடுகிறது.

1999இல் ஹம்பி ‘ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்கள்’ பட்டியலுக்குப் போனது. கடைக்காரர்களோ பயணிகளோ அதற்குக் காரணம் அல்லர். துங்கபத்திரையின் குறுக்கே எழுந்த தொங்கு பாலங்கள்தாம் காரணம். பரிசலை நம்பியிருந்த அக்கரை மக்களுக்குப் பாலம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் மரபுப் பரப்பின் நடுவே அதைத் தொடங்கியது அரசுதான். 2006இல் ஹம்பி அப்பட்டியலிலிருந்து நீங்கியது. 2009 ஜனவரியில் அப்பாலங்களுள் ஒன்றான ஆனேகுந்திப் பாலம் கட்டுமானத்தின்போதே உயிர்ப்பலியுடன் இடிந்து விழுந்தது.

2011 ஜூலையில் நிர்வாகத்தின் நடவடிக்கை விரூபாட்சர் கோயில் முன்னுள்ள கடைவீதியின்மீது பாய்ந்தது. மண்டபங்களிலும் அவற்றை ஒட்டியும் வாழ்ந்து, கடையும் உணவகமும் நடத்திய நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’ எனப்பட்டு வெளியேற்றப்பட்டன. தூண்களுக்கிடையே செங்கல் சுவர் எழுப்பியதும் சிமெண்டு பூசியதும் கல்லுக்குக் கேடு செய்தன என்பதை மறுப்பதற்கில்லை. அச்சேர்க்கைகளை அகற்ற வேண்டியதுதான். ஆனால் சுவரோடு ஆளையும் ஏன் அகற்ற வேண்டும்? சுமார் 1520இல் விஜயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர் டொமிங்கோ பாயஸ் வியந்து எழுதியது ஆள்நெரிசல் மிகுந்த அங்காடிகளைப் பற்றி. ஹம்பியின் வெறுமை 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நேர்ந்த அழிவின் விளைவு. வீதியைக் காலிசெய்து அதை மூலநிலை என்று காட்டுவது வரலாற்றுப் பிழை. மதுரையிலும் திருவரங்கத்திலும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் குடியும் கடையும் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆற்றின் மறுகரையில் விருபாபுர கட்டியில் முளைத்த விடுதிகளின் நிலை வேறு. அவை பயணிகளுக்காகவே அனுமதியின்றி எழுந்தவை. உச்ச நீதிமன்றம் 2020இல் அவற்றை அகற்றும் ஆணையை உறுதிசெய்தது சரியே. விடுதி முதலீட்டையும் தலைமுறைக் குடியிருப்பையும் ஒரே சொல்லால் சுட்டும் நிர்வாகப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் தூரத்தை அளக்கிறது. அங்கு வாழ்வோருக்கும் சின்னத்துக்கும் உள்ள உறவை அளக்க அதில் கோல் இல்லை.

கட்டுப்பாடு என்றாலே வெளியேற்றம் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. ஹம்பியின் விட்டலர் கோயிலுக்குத் தனியார் வாகனங்களை நிறுத்திவிட்டு மின்கல வண்டிகளை ஓட்டுகிறார்கள். பயணியர் வரவு நிற்கவில்லை. காவலர்கள் மட்டும் காப்பது எவ்வளவு அரிது என்பதும் ஹம்பியிலேயே தெரிந்தது. இளைஞர் சிலர் தூணொன்றைத் தள்ளி வீழ்த்திய செயல், 2019இல் காணொளி பரவிய பிறகே ஊரறிந்தது. தலைக்கு 70,000 ரூபாய் தண்டம் விதித்த நீதிமன்றம், அத்தூணை அவர்களையே நிறுத்திவைக்கச் செய்தது.

ஹம்பி மேலாண்மை ஆணையத்தை அமைத்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கர்நாடக அரசு திருத்த வேண்டும். இனி எந்த வெளியேற்றத்துக்கும் முன் குடியிருப்போரின் ஒப்புதல் பெறுவதும், கல்லுக்குக் கேடில்லாத தொழிலை அவ்வீதியிலேயே தொடர அவர்களுக்கு உரிமை அளிப்பதும் அதில் எழுத்தாக இடம்பெற வேண்டும்.