நீதிமன்றம் ஏறிய பாட்டு

1976ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிராக் நகரத்து நீதிமன்றமொன்றின் படிக்கட்டுகளிலே ஒரு விசித்திரமான கூட்டம் கூடியிருந்தது. தோள்வரை முடி வளர்த்த இளைஞர்கள் ஒருபுறம். அவர்களுக்குப் பக்கத்திலேயே மெய்யியல் அறிஞர்கள், எழுத்தாளர்கள், ஒரு காலத்தில் ஆளுங்கட்சியிற் பெரும்பதவி வகித்துப் பின்னர் தூக்கியெறியப்பட்டவர்கள். உள்ளே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் நால்வர். அவர்கள் மீது சாட்டப்பட்டது அரசைக் கவிழ்க்கச் சதிசெய்த குற்றமன்று. பாட்டுப் பாடிப் பொது அமைதியைக் குலைத்த குற்றம். அந்தப் பாட்டின் வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

அறுபதுகளின் ரொக் இசை என்றதும் லிவர்பூலும் லண்டனும் நியூயோர்க்கும் நினைவுக்கு வருதல் இயல்பே. 1967ஆம் ஆண்டு பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் நியூயோர்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவின் முதல் இசைத்தட்டும், ஃபிராங்க் ஸப்பா குழுவினரின் இசைத்தட்டொன்றும் வெளிவந்தன. முன்னையதை உலகமே கேட்டது. வெல்வெட் குழுவின் தட்டையோ அதன் சொந்த நாட்டிலேயே அன்று வாங்கினோர் குறைவு. ஆயினும் செக்கோசிலோவாக்கிய இளைஞர் சிலரின் நெஞ்சில் ஆழப் பதிந்தவை பின்னைய இரண்டுமே.

1968ஆம் ஆண்டின் முற்பகுதியில் டுப்செக்கின் சீர்திருத்தங்களால் அந்நாட்டின் கதவுகள் சற்றே திறந்திருந்தன. அவ்வாண்டில் நியூயோர்க் சென்று திரும்பிய இளம் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், வெல்வெட் குழுவின் இசைத்தட்டொன்றைத் தம் பயணப் பெட்டியிற் கொண்டுவந்தார். ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு சோவியத் தாங்கிகள் எல்லையைக் கடந்தன. ஒரு மாதம் செல்லுமுன்னரே, மிலான் ஹ்லவ்ஸா என்னும் பதினேழு வயது இளைஞர் தம் நண்பர்களுடன் சேர்ந்து ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். ஸப்பாவின் பாடலொன்றின் தலைப்பை எடுத்து 'பிளாஸ்டிக் பீப்பிள் ஒஃப் த யூனிவேர்ஸ்' எனப் பெயரிட்டார். படையெடுப்புக்கு மறுமொழியாக எழுந்த குழு இதுவெனப் பின்னாளில் எழுதியவர்கள் உளர். அது மிகை. தாங்கிகளைப் பற்றி அவர்கள் பாடவில்லை. தமக்குப் பிடித்ததைப் பாடினர், அவ்வளவே.

படையெடுப்பின் பின்வந்த ஆட்சி தன் செயலுக்கு 'இயல்புநிலையாக்கல்' என்று பெயர் சூட்டியது. நூலகங்களிலிருந்து நூல்கள் அகற்றப்பட்டன. பேராசிரியர்கள் கூலிவேலைக்குப் போயினர். இசைக்குழுக்களுக்கும் இயல்புநிலை வந்தது. ஆங்கிலப் பெயரை மாற்றவேண்டும், முடியை வெட்டவேண்டும், எதைப் பாடுவதென்பதை அதிகாரிகள் ஏற்கவேண்டும். உடன்பட்ட குழுக்கள் பல. உடன்படாத பிளாஸ்டிக் பீப்பிள் 1970இல் தொழில்முறை அனுமதியை இழந்தது. அரசுக்குரிய வாத்தியங்களும் பறிபோயின. குழுவினர் பழைய வானொலிப் பெட்டிகளின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபெருக்கிகளைத் தாமே கட்டிக்கொண்டனர்.

குழுவுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் இவான் யிரூஸ் என்னும் கலை வரலாற்றறிஞர். அவருடைய உபாயமொன்று சுவையானது. அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோலைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவதாக அறிவித்து மண்டபமொன்றைப் பெறுவார். சிறிது நேரம் படங்களைக் காட்டிப் பேசுவார். பின்னர், வோர்ஹோலோடு தொடர்புடைய வெல்வெட் குழுவின் இசைக்கு உதாரணம் காட்டவென்று பிளாஸ்டிக் பீப்பிள் குழுவினர் மேடையேறுவர். விரிவுரை குறுகியது, உதாரணமோ நெடுநேரம் நீண்டது.

அந்நாள்வரை அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடினர். பிராகில் ஆங்கிலம் கற்பித்த கனேடியரான போல் வில்சன் 1970 முதல் 1972 வரை அவர்களது பாடகர்களுள் ஒருவர். இரவல் மொழியிற் பாடும்வரை இரவல் இளமையே மிஞ்சும் என்பது என் எண்ணம். 1972இல் சக்ஸபோன் கலைஞர் விரதிஸ்லாவ் பிரபெனெட்ஸ் குழுவிற் சேர்ந்தபோது, இனிச் சொந்தப் பாடல்களையே இசைக்கவேண்டுமென வற்புறுத்தினார். அப்போது கைக்குக் கிடைத்தவை, எகொன் பொண்டி என்ற புனைபெயரில் எழுதிய கவிஞரின் அச்சேறாத செக் மொழிக் கவிதைகள். அவற்றில் அரசியல் முழக்கம் இல்லை. சலிப்பு உண்டு, சாராயம் உண்டு. மலச்சிக்கலைப் பற்றிய பாட்டும் உண்டு. சித்தர்களையும் காளமேகத்தையும் படித்த நமக்கு இஃதொன்றும் அதிர்ச்சி தரவேண்டியதில்லை. ஆனால் எல்லாம் நலமே என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த அரசுக்கு, வயிறு சரியில்லை என்று ஒருவன் பாடுவதே பொறுக்கவில்லை.

இப்பாடல்களின் ஒலிப்பதிவு 1978இல் மேற்கு ஐரோப்பாவில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பு 'சார்ஜன்ற் பெப்பர்' தலைப்பைப் பகடி செய்வது. அங்கே இசைக்குழுவைக் குறித்த 'பாண்ட்' என்ற சொல், இங்கே தடைசெய்யப்பட்டதைக் குறிக்கும் 'பாண்ட்' ஆயிற்று. தமிழிற் பெயர்க்க முடியாத சிலேடை.

இத்தகைய இசையை ஆங்கிலத்தில் 'அண்டர்கிரவுண்ட்' என்பர். தமிழில் 'தலைமறைவு இசை' என்று எழுதுவது பொருந்தாது. இவர்கள் தலையை மறைக்கவில்லை, முடியைக்கூட மறைக்கவில்லை. 1975இல் யிரூஸ் எழுதிய கட்டுரையொன்று 'இரண்டாவது பண்பாடு' என்ற தொடரைக் கையாண்டது. அரசின் மேடையையும் பரிசையும் எதிர்பாராது, அதன் அளவுகோலையும் ஏற்காது தனக்கெனத் தனி வாழ்வு நடத்தும் பண்பாடு என்பது அதன் கருத்து. அதற்குரிய விலையை முந்திய ஆண்டிலேயே இரசிகர்கள் செலுத்தியிருந்தனர். 1974 மார்ச் மாதத்தில் தென் பொகீமியாவில் நடைபெறவிருந்த நிகழ்ச்சிக்கு வந்த இளைஞர்களைப் பொலிசார் தடிகொண்டு தாக்கித் திருப்பி அனுப்பினர். மாணவர் சிலர் பாடசாலைகளிலிருந்தும் விலக்கப்பட்டனர்.

1976இன் தொடக்கத்தில் யிரூஸ் ஹாவெலைச் சந்தித்தார். இருவருக்கும் ஒருவர் மீது மற்றவருக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. பழைய ஒலிப்பதிவுக் கருவியொன்றில் யிரூஸ் பாடல்களைப் போட்டுக் காட்டினார். கரடுமுரடான அவ்விசையில் ஏதோ ஓர் உண்மை தம்மைத் தொட்டதாக ஹாவெல் பின்னர் குறிப்பிட்டார். வரவிருந்த நிகழ்ச்சிக்கு யிரூஸ் அவரை அழைத்தார். அது நடைபெறவில்லை. மார்ச் மாதத்தில் இசைக்கலைஞர்களும் நண்பர்களுமாகப் பலர் கைதாயினர்.

இவர்களுக்காக ஏன் குரல்கொடுக்கவேண்டும் என்ற தயக்கம் அறிவாளரிடையே இருந்தது. கெட்ட வார்த்தை பாடும் குடிகாரப் பையன்களோடு சேர்ந்தால் நம் பெயரும் கெடாதா? ஹாவெலின் விடை வேறாக இருந்தது. அரசியலில் இறங்கிய எழுத்தாளன் தண்டனையை எதிர்பார்த்தே இறங்குகிறான். இவர்களுக்கோ அரசியற் கடந்தகாலமும் இல்லை, கட்சியும் இல்லை. தம் போக்கில் வாழவும் தமக்குப் பிடித்ததைப் பாடவும் விரும்பினார்கள். அதுவே குற்றமென்றால் எவருடைய வாழ்வுக்கும் பாதுகாப்பில்லை. எழுத்தாளர்கள் தமக்காக மட்டும் சுதந்திரம் கேட்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆதலால் இந்த வாதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

வழக்கில் யிரூஸுக்குப் பதினெட்டு மாதமும், பவெல் ஸாயிச்செக் என்ற இன்னொரு குழுவின் பாடகருக்குப் பன்னிரண்டு மாதமும், பிரபெனெட்ஸுக்கும் பாடகரான புரட்டஸ்தாந்தப் போதகர் கராசெக்கிற்கும் எவ்வெட்டு மாதமும் சிறை விதிக்கப்பட்டது. அந்நாளிலே தாம் சந்தித்த திரைப்பட நெறியாளர் ஒருவரைப் பற்றி ஹாவெல் எழுதியுள்ளார். வழக்கின் செய்தியைக் கேட்ட அவர், போதைப்பொருள் விவகாரமா என்று வினவினாராம். இல்லையென ஹாவெல் விளக்கினார். அவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, மற்றப்படி எப்படி இருக்கிறீர்கள் என்று நலம் விசாரித்தாராம்.

நீதிமன்றப் படிக்கட்டிற் கூடியவர்களின் உறவு அங்கே முடியவில்லை. 1977 ஜனவரியில் '77 சாசனம்' வெளிவந்தது. அரசு தானே கைச்சாத்திட்ட மனித உரிமை உடன்படிக்கைகளை மதிக்கும்படி இருநூற்று நாற்பது பேரளவில் அதில் ஒப்பமிட்டிருந்தனர். அதன் பேச்சாளருள் ஒருவரான முதிய மெய்யியல் அறிஞர் யான் பதோச்கா, நீண்ட பொலிஸ் விசாரணைகளின் பின் மார்ச் மாதத்தில் மருத்துவமனையில் உயிர்நீத்தார். போல் வில்சன் நாடுகடத்தப்பட்டார். பிரபெனெட்ஸ் 1982இல் கனடாவுக்குப் புலம்பெயர நேர்ந்தது.

1989இல் ஆட்சி வீழ்ந்து ஹாவெல் ஜனாதிபதியானார். அம்மாற்றத்தை 'வெல்வெட் புரட்சி' என்பதால் இசைக்குழுவின் பெயரே புரட்சிக்கும் வந்தது எனக் கதை கட்டுவோர் உளர். பெயர் ஒற்றுமை தற்செயலானது. இரத்தம் சிந்தாமையே அச்சொல்லால் உணர்த்தப்பட்டது. ஆயினும் 1990இல் வெல்வெட் குழுவின் லூ ரீட் பிராகுக்கு வந்து, தம் பழைய பாடல்களை ஹ்லவ்ஸாவும் தோழர்களும் இசைக்கக் கேட்டது மெய்.

கசப்பான செய்தியும் ஒன்று உண்டு. கவிஞர் பொண்டி இரகசியப் பொலிசாருக்குத் தகவல் அளித்தவர் என்பது பின்னாளிற் கோப்புகளிலிருந்து வெளியாயிற்று. அவருடைய சொற்களைப் பாடியவர்கள் சிறையிருந்தனர். அவரோ அவர்களைப் போலச் சிறை செல்லவில்லை. இதனால் அப்பாடல்களின் மதிப்புக் குறைந்ததா என்று கேட்டால் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

1997இல் 77 சாசனத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, ஹாவெலின் தூண்டுதலாற் குழு மீண்டும் ஒன்றுகூடியது. பிரபெனெட்ஸும் சக்ஸபோனுடன் வந்து சேர்ந்தார். பதினேழு வயதில் அக்குழுவைத் தொடங்கிய ஹ்லவ்ஸா 2001 ஜனவரியிற் புற்றுநோயாற் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.